சாட்சிக் கூண்டின் மேல் விழுந்த பழி

வாருங்கள் தம்பி, வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், புறவாசல்தானே. காரைக்குடிப் பக்கமிருந்து பழைய மரச்சாமான் எடுக்க வருகிறவர் நீங்கள்தான் என்று வண்டியைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். நான் பிரமநாயகம். முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன். உங்களுக்குப் போன் செய்தது என் மனைவி சண்முகவடிவு. அவள் இப்போது வீட்டில் இல்லை. ரொம்ப தூரம் போய்விடவும் இல்லை. இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

பொருள் இதுதான். பாருங்கள், சுற்றி வந்து தாராளமாகப் பாருங்கள். சாய மட்டும் வேண்டாம்.

ஆமாம், சாட்சிக் கூண்டேதான். மூன்று பக்கம் கைப்பிடி, நடுவில் ஏறி நிற்கப் பலகை, முன்பக்கம் கடைசல் வேலை. பர்மா தேக்கு. இப்படி மரம் இனி முளைக்கப் போவதில்லை. மேலே ஏன் தகரம், திறந்த பக்கத்தில் ஏன் கம்பிவலை, உள்ளே ஏன் குறுக்குக் கழி என்று பார்க்கிறீர்கள். கொஞ்ச நாள் முன்புவரை இதில் கோழி அடைந்தது. அதுதான் கதையே.

விலை பேச வேண்டாம் தம்பி. விலையில் எனக்கு அக்கறையில்லை. இந்தக் கூண்டு இங்கே இருக்கிறவரை வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் வடிவு. அவள் திரும்பி வரவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் குற்றவாளி என்ற பெயரோடு இதை வண்டியில் ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் தெருமுனை டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நாற்காலியில் உட்காருங்கள். இல்லை, வேண்டாம், அதுவும் இதன் பக்கத்திலேயே கிடந்தது. இந்தத் துவைகல்லில் உட்காருங்கள். இது சுத்தம்.

எங்கள் கோர்ட் பழைய கட்டடம். மழை பெய்தால் வாதி பிரதிவாதி இருவர் தலையிலும் பாரபட்சமில்லாமல் ஒழுகும். கடைசியில் புதுக் கட்டடம் கட்டி மாற்றிவிட்டார்கள். பழைய சாமான்களையெல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டினார்கள். நான் ஓய்வுபெற்று வெகுநாள் கழித்துத்தான் ஏலம் விட்டார்கள். மேசைக்கும் பீரோவுக்கும் அடிதடி. இதை ஒருவரும் சீண்டவில்லை. நான் எடுத்தேன். அந்த அறையில் ஜன்னல் கண்ணாடி உடைந்து, இத்தனை வருஷமாகப் புறாக்கள்தான் குடியிருந்தன. இதன் மேல் அவற்றின் எச்சம் காரை பூசியதுபோல் கெட்டியாகப் படிந்திருந்தது. நானே உட்கார்ந்து சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட உள்ளே தேக்கு எப்படி மின்னியது தெரியுமா? அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கை அரித்தது. பழைய தூசி, அப்படித்தான் இருக்கும்.

டயர் வண்டியில் இது வாசலில் வந்து இறங்கியபோது வடிவு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல யாரை ஏத்தப் போறீக? என்னையா?"

கூடத்தில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதில் ஏறி நின்று சிரித்தார்கள். பால்காரன் ஏறினான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் ஏறி, "எஜமான், நான் நிரபராதி" என்றான். வடிவுக்குப் பொறுக்கவில்லை, புறவாசலுக்குத் தள்ளிவிட்டாள். தை மாதம் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. பழைய மண்கூடு கரைந்து உட்கார்ந்துவிட்டது. கோழிகளை எங்கே அடைப்பது? இதற்குள் விட்டாள். கவனியுங்கள் தம்பி, கோழியை இதற்குள் விட்டது நானில்லை. அவள். இதை யாரும் பிற்பாடு மறந்துவிடக்கூடாது.

முதலில் எனக்கு வருத்தம்தான். எத்தனை மிராசுதார், எத்தனை போலீஸ்காரர் ஏறி நின்ற இடம்! ஆனால் காலையில் வந்து பார்க்கிறேன், ஒரு பெட்டைக்கோழி கைப்பிடி மேல் ஏறி, கழுத்தை நிமிர்த்தி, என்னை ஒரு கண்ணால் பார்க்கிறது. என் சர்வீஸில் அவ்வளவு கம்பீரமாக நின்ற சாட்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்புறம் கழி கட்டியது, தகரம் போட்டது எல்லாம் நான்தான்.

இப்போது பிரதிவாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது வேலுத்தாய் வீடு. தீப்பெட்டி ஆபீசில் வேலை. வடிவும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், உறவெல்லாம் கிடையாது. இந்த மதிலில், இதோ இந்த இடத்தில், இடுப்பு உயரத்துக்கு நாலைந்து செங்கல் விழுந்து ஓர் ஓட்டை இருந்தது. இரண்டு பேருக்கும் அதுதான் ராஜபாட்டை. கறிவேப்பிலை அதன் வழியாகப் போகும், மீன்குழம்பு அதன் வழியாக வரும். என்னைப் பற்றிய செய்திகளும் அதன் வழியாகத்தான் போய்வந்தன என்பது பிற்பாடு தெரிந்தது.

உங்கள் பக்கம் கோழியை வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டா? இங்கே உண்டு. என்னிடம் நல்ல கோழி இருக்கிறது, உனக்கு இல்லை. என் கோழியைக் கொண்டுபோய் நீ அடை வைக்கிறாய், தீனி போடுகிறாய், பூனைக்கும் பருந்துக்கும் காவல் இருக்கிறாய். பொரித்து வளர்ந்ததும் குஞ்சில் பாதி உனக்கு, பாதி எனக்கு. தாய்க்கோழி எனக்குத் திரும்பிவிடும். எழுத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. எனக்கு அப்போதே மனசுக்குள் உறுத்தல்தான். வடிவு தன்னுடைய சாம்பல் நிறக் கோழியை, சாம்பி என்று கூப்பிடுவாள், பொங்கலுக்கு முன்னால் வேலுத்தாயிடம் வாரத்துக்கு விட்டாள். மாசிக் கடைசியில் சாம்பியும் எங்கள் பங்குக் குஞ்சுகளும் வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகுதான் செள்ளு.

பேன் என்று சிலர் சொல்வார்கள். தவறு. பேன் கோழி உடம்பிலேயே குடியிருக்கிற ஜீவன், நாணயமானது. உண்ணி என்று இன்னும் சிலர் சொல்வார்கள்; அதுவும் பொருத்தமில்லை, உண்ணி கடித்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கும். செள்ளு அப்படியல்ல. பகலெல்லாம் எங்கோ ஒளிந்திருக்கும். இருட்டியதும் கிளம்பி வந்து கோழி இரத்தத்தைக் குடிக்கும். விடியுமுன் நல்ல பிள்ளைபோல் வீடு திரும்பிவிடும். குடிக்காதபோது சாம்பல் நிறம், குடித்தால் சிவப்பு. கடுகில் கால்வாசிகூட இராது.

வடிவு முட்டை எடுக்கக் கூண்டுக்குள் கையை விட்டாள். முட்டை ஓட்டில் சிவப்புப் புள்ளி. புள்ளி நகர்ந்தது. முழங்கை வரை அரிப்பு. கோழிகள் கொண்டையெல்லாம் வெளிறிப்போய், நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. முட்டை குறைந்தது. அதைவிட, விளக்கு வைக்கிற நேரமானால் ஒரு கோழிகூட இதற்குள் போக மறுத்தது. எல்லாம் அந்த முருங்கை மரத்தில் ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன. நான் கம்பை வைத்து இறக்கி உள்ளே விட்டால், கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தன. எனக்கு அதில் ஆச்சரியமில்லை தம்பி. சாட்சி கூண்டில் ஏற மறுப்பது நான் பார்க்காததா? வெளியே ஒன்று சொல்லிவிட்டு உள்ளே மாற்றிப் பேசுவதற்குப் பயந்து, கக்கூஸுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறிப் போய்விடுவார்கள். துணிந்து ஏறி மாற்றிப் பேசிவிட்டால் அதற்குப் பிறழ்சாட்சி என்று பெயர். வேலுத்தாய் வீட்டில் இருந்துவிட்டு வந்த சாம்பிதான் மற்றதுகளையும் கெடுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

வழக்கு என் மனதில் தெளிவாக இருந்தது. சாம்பி போவதற்கு முன் செள்ளு இல்லை. சாம்பி வந்தபின் செள்ளு. ஆகவே செள்ளு வந்தது வேலுத்தாய் வீட்டிலிருந்து. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

வடிவுக்குப் புரியவில்லை.

"ஏங்க, சாம்பி இல்லாதப்பதான கோழிய அந்தக் கூண்டுக்கு மாத்துனோம்?"

"அது தற்செயல்" என்றேன்.

"சாம்பி வர்றதுக்கு முன்னாடியே எனக்குக் கை அரிச்சுச்சே."

"அது எதிர்பார்ப்பினால் வருவது" என்றேன். மனோதத்துவத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. படித்திருக்கிறேன்.

ஓட்டை வழியாக வேலுத்தாயைக் கூப்பிட்டு நாகரிகமாக விஷயத்தைச் சொன்னேன். நாகரிகமாகத்தான் சொன்னேன். "வேலுத்தாய், கோழியைத் திருப்பிக் கொடுத்தாய், சரி. கூடவே செள்ளையும் கொடுத்திருக்கிறாய். இது வார ஒப்பந்தத்துக்கு விரோதம்."

அவள் ஓட்டையில் முகத்தை வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். "கிளார்க் அண்ணாச்சி, இங்கன வந்து எங்கோழியப் பாருங்க. கொண்டை எப்படிச் செவந்து கெடக்குன்னு. செள்ளு இருந்தா இப்படியா இருக்கும்?"

"நான் பார்க்க வேண்டிய அவசியமில்லை. நிரூபிக்க வேண்டியது நீ."

"சரி, எங்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னே வச்சுக்கிடுவோம். வாரம்னா வாரம்தான? குஞ்சுல பாதி ஒழுங்கா கொடுத்தேன்ல? அப்ப செள்ளுலயும் பாதி உங்களுக்குச் சேரும். எம்பங்கையும் நான் கேக்கல, நீங்களே அனுபவிச்சுக்கிடுங்க."

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் வடிவு. தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டதென்றால் உங்களுக்குத் தெரியும். எதிர்க்கட்சி வாதத்துக்கு நம் வீட்டுக்காரி சிரித்துவிட்டால் அதற்கு மேல் ஒரு தோல்வி கிடையாது.

சரி, பரிசோதனை செய்துவிடுவோம் என்றேன். எங்கள் கோழிகளில் ரொம்ப வெளிறிப்போன இரண்டைப் பிடித்து ஓட்டை வழியாக அந்தப் பக்கம் அனுப்பினேன். அங்கே இருந்தால் செத்தே போகும், அவள் குட்டு உடையும் என்று கணக்கு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கொழுகொழுவென்று ஓடுகின்றன. ஒன்று முட்டைகூட வைத்துவிட்டது.

"இப்ப என்ன சொல்றீக?" என்றாள் வடிவு.

இதில் சொல்ல என்ன இருக்கிறது? அந்த வீட்டிலிருந்த செள்ளு முழுவதும் சாம்பியோடு இங்கே வந்துவிட்டது. ஆகவே அங்கே மிச்சம் இல்லை. ஆகவே அங்கே போன கோழி தேறிவிட்டது. என் வாதத்துக்கு இதைவிடப் பலமான ஆதாரம் வேறு என்ன வேண்டும்? இதை விளக்கிச் சொன்னேன். வடிவு, "இத்தனை வருசம் உங்க கோர்ட்டுல எப்படித் தீர்ப்புச் சொன்னாக?" என்றாள்.

தீர்ப்புச் சொல்வது நானில்லை, முன்சீப் என்று ஞாபகப்படுத்தினேன்.

நான் சும்மா இருக்கவில்லை. நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போட்டேன். பக்கத்துத் தெருவிலிருந்து தீ என்று ஓடிவந்தார்கள். அடுப்புச் சாம்பலைக் குழியில் கொட்டிக் கோழிகளைப் புரளவிட்டேன். ஒவ்வொரு கோழியாகப் பிடித்து வேப்பெண்ணெய் தடவினேன். தீபாவளி எண்ணெய்க்குளியலுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. தரைக்கு மண்ணெண்ணெய். முருங்கை மரத்துக்கு மஞ்சள்தண்ணீர். துவைகல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடித்தேன். அதனால்தான் உங்களை அதில் உட்காரச் சொன்னேன்.

கூண்டுக்கா? கூண்டை ஈரத்துணியால் துடைத்தேன். வடிவு சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பர்மா தேக்குக்குச் சுண்ணாம்பா! தடுத்துவிட்டேன். கொதிக்கிற வெந்நீரைச் சந்து சந்தாக ஊற்றலாம் என்றாள். மரம் வெடித்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். "நீங்க கோழிய வளக்கீகளா, கூண்ட வளக்கீகளா?" என்று கேட்டாள். கேள்வி அமைப்பே சரியில்லை. எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்கிற மாதிரியான கேள்வி. கோர்ட்டில் அனுமதிக்கமாட்டார்கள்.

கால்நடை மருந்தகத்துக்கும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார்கள்.

"அது கோழி மேல தங்காது சார். பகல்ல இடுக்கு, சந்து, வெடிப்பு, அந்த மாதிரி இடத்துல ஒளிஞ்சுக்கும். அதைத்தான் அழிக்கணும். கூடு எதுல செஞ்சது? மரமா?"

"பர்மா தேக்கு" என்றேன்.

"அப்ப அந்த மரத்தைத்தான் முதல்ல பாருங்க."

தேக்கைப் பற்றி டாக்டரம்மாவுக்கு அவ்வளவாகத் தெரியாது போலிருக்கிறது. கறையானே தொடாத மரம். ஆனால் இடுக்கு, சந்து, வெடிப்பு என்றார்கள் பாருங்கள், அது என் மனதில் தைத்தது. பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், படித்தவர்கள் சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து புறவாசல் முழுக்க இடுக்கும் சந்தும் எங்கே என்று தேடினேன். எல்லாவற்றிலும் பெரிய சந்து எது? மதிலில் இருந்த ஓட்டை.

அதற்கு முன்னால் வேலுத்தாய்க்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு சாயங்காலம் அவளை வரச்சொன்னேன். "இந்தக் கூண்டில் ஏறி நின்று, என் வீட்டில் செள்ளு இருந்ததில்லை என்று பிரமாணம் செய். நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

"சத்தியந்தான? எங்க வேணாலும் பண்ணுறேன். மாரியம்மன் கோயில்ல பண்ணுறேன், சூடம் அணைச்சுப் பண்ணுறேன். அதுக்குள்ள மட்டும் ஏற மாட்டேன் அண்ணாச்சி."

"ஏன்?"

"கோழியே ஏற மாட்டேங்குதே."

"பார்த்தாயா, பயம்!"

"பயந்தான். நீங்க ஏறி நில்லுங்க முதல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா நான் ஏறுறேன்."

இதில் எனக்கு என்ன தயக்கம்? ஏறினேன். தம்பி, ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் அதற்குப் பக்கத்திலேயே நின்று ஆயிரக்கணக்கான பேருக்குப் பிரமாணம் செய்து வைத்திருக்கிறேன், நான் ஏறியதே கிடையாது. ஏறி, கைப்பிடியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, நான் சொல்வதெல்லாம் உண்மை என்று ஆரம்பித்தேன். முறை எப்படி என்று அவளுக்கும் தெரியட்டும் என்றுதான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பங்குனி மாதப் புழுக்கம் வேறு. உண்மையைத் தவிர வேறில்லை என்பதற்குள் எனக்கு வியர்க்குரு போட்டுவிட்டது. முழங்கையில் ஆரம்பித்துக் கக்கம் வரை, அப்புறம் முதுகில், அப்புறம் சொல்ல முடியாத இடங்களில்.

இரண்டு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாட்சி ஏன் இப்படி நெளியுது?" என்றாள் வடிவு.

"புழுக்கம்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் புழுங்கலையே மதினி, உங்களுக்கு?" என்றாள் வேலுத்தாய்.

அன்றைக்கு இரண்டு தடவை குளித்தேன். வியர்க்குரு அடங்கவில்லை. வேலுத்தாய் கடைசிவரை ஏறவில்லை என்பதுதான் முக்கியம். மறுநாள் வடிவு ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது செங்கல்லும் சிமெண்டும் வாங்கிவந்து ஓட்டையை அடைத்தேன். நானே அடைத்தேன், கொத்தனார் வைக்கவில்லை. கோணலாக இருப்பது அதனால்தான்.

வடிவு வந்தாள். புளிக்குழம்பு வைத்தாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, "மதினி" என்று கூப்பிட்டபடியே வந்து, பார்க்காமலே பழக்கத்தில் கையை நீட்டினாள். கிண்ணம் போய் ஈரச் சிமெண்டில் முட்டியது. இதோ பாருங்கள், வட்டமாகத் தடம் இருக்கிறதல்லவா? அந்தக் கிண்ணம்தான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கிண்ணத்தைத் துவைகல் மேல் வைத்தாள். முருங்கை மரத்திலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். என்னிடம் லேசில் மாட்டாத கோழிகள் அவளிடம் தாமாகவே வந்தன. இரண்டு கூடை. இங்கே ஓட்டை இருந்திருந்தால் கோழிகளையாவது அதன் வழியாகக் கொடுத்திருப்பாள், நான்தான் அடைத்துவிட்டேனே. முன்வாசல் வழியாக, தெருவைச் சுற்றிக்கொண்டு, இரண்டு இடுப்பிலும் கோழிக்கூடையோடு போனாள். தெருவே பார்த்தது. வாசலில் நின்று திரும்பிச் சொன்னாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அதுவா, நானான்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. அது இந்த வீட்ட விட்டுப் போன அன்னைக்கு நான் வாறேன். கோர்ட்டுல மாதிரி வாய்தா வாங்கிக்கிட்டே இருக்காதீக."

அன்றிலிருந்து அங்கேதான். சாப்பாடு வந்துவிடும். வேளை தப்பாமல் முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியில் தூக்குவாளியை மாட்டி மதிலுக்கு மேலே நீட்டுவாள். நான் வாங்கிக்கொண்டு காலி வாளியை மாட்டிவிடுவேன். ஒரு வார்த்தை கிடையாது. முதல்நாள் ரசத்தில் உப்பு அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாள் உப்பே இல்லை. சரி, காதில் விழுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கம் இரண்டு பேரும் பேசிச் சிரிக்கிறது கேட்கும். கோழிகள் அடைகிற சத்தம் கேட்கும். அங்கே ஒரு கோழியும் கூட்டுக்குள் போக மாட்டேன் என்று கத்துவதில்லை. நான் இங்கே இந்தக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். வியர்க்குரு மட்டும் விட்டபாடில்லை. நான் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்ததில் அவளே உங்களுக்குப் போன் செய்துவிட்டாள்.

இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம், ஒரு மரச்சாமான்தானே என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் கிட்டே வாருங்கள், மெதுவாகச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிணற்றுத் தண்ணீர்முறை வழக்கு. பங்காளிகளுக்குள் தகராறு. வாதியின் மகள் சாட்சி சொல்ல வந்தாள். பச்சைத் தாவணி. மற்றவர்கள் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார்கள். இவள் ஏறி நின்று கைப்பிடியில் தூசி இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள். நான் பிரமாணத்தைச் சொல்லி, திருப்பிச் சொல்லம்மா என்றேன். "பொய் சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன்?" என்று என்னையே கேட்டாள். முன்சீப் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கு அடுத்த வரி மறந்துபோய்விட்டது. தினம் பத்துத்தடவை சொல்கிற வரி தம்பி! டவாலிச் சேவகன்தான் எடுத்துக்கொடுத்தான்.

வழக்கு அவர்களுக்குத் தோல்வி. தீர்ப்பு வந்த மறுவாரம் என் தாய்மாமனைப் பெண் கேட்க அனுப்பினேன்.

அந்தக் கூண்டுதான் இது. அவளுக்குத் தெரியாது. தேக்குக்கு ஆசைப்பட்டு எடுத்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவளிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இந்த வயசில்? சிரிப்பாள். வேலுத்தாயிடம் சொல்லி அவளும் சிரிப்பாள். சரி, எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணைக் கண்ணில் காட்டிய கூண்டே பெண்ணை விரட்டுகிறதென்றால் நான் என்ன செய்ய? ஆனால் செள்ளு இதிலிருந்து வந்தது என்று மட்டும் யாரிடமும்...

என்ன? மதிலுக்கு அந்தப் பக்கமா? சத்தமாகப் பேசிவிட்டேனோ?

"தம்பி! காரைக்குடித் தம்பி!"

அவள்தான். என்னிடம் பேசவில்லை, உங்களிடம் பேசுகிறாள். பதில் சொல்லுங்கள்.

"அந்தக் கூண்டு எனக்குத் தெரியாதாக்கும்? ஏறுற பலகையில ஒரு கண்ணு இருக்கும், பாருங்க. அன்னைக்கு அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன், இவுக மூஞ்சியப் பாக்க மாட்டாம. அதுல ஏறி நின்ன அன்னைக்குப் பிடிச்ச அரிப்புதான் தம்பி, இன்னைக்கு வரைக்கும் விட்டபாடில்ல!"

கேட்டீர்களா, வேலுத்தாய் சிரிக்கிறாள். நான் சொன்னேன் அல்லவா, சிரிப்பாள் என்று.

பலகையில் கண் இருக்கிறதா? இருக்கிறது. மரத்தின் கண். நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. தெரிந்துகொண்டே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் பாருங்கள்! தெரிந்துகொண்டேதான் கோழியையும் உள்ளே விட்டாளோ என்னவோ. பெண்களின் மனது எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது.

சரி, அந்தப் பக்கம் பிடியுங்கள். வண்டியில் ஏற்றிவிடலாம்.

"தம்பி, அதைத் தொடாதீக! அப்படியே வண்டியில ஏத்திராதீக! உங்க வீட்டுலயும் பிள்ளைகுட்டி இருக்கும். வெந்நி கொதிக்குது, கொண்டாறேன். நில்லுங்க!"

வருகிறாளா? அதெப்படி வருவாள்? இது இங்கே இருக்கிறவரை படி மிதிக்க மாட்டேன் என்று தெருவறியச் சொன்னவள். தெருக்கதவுதான் திறக்கிறது. அவள் நடைதான். குடத்தைப் பழந்துணியால் பிடித்துக்கொண்டு... வந்துவிட்டாள்! கவனியுங்கள் தம்பி, கூண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அவளும் உள்ளேதான் இருக்கிறாள். இரண்டும் ஒரே புறவாசலில். என் பக்கம் தீர்ப்பாகிவிட்டது என்றுதான் இதற்கு அர்த்தம்.

தள்ளிக்கொள்ளுங்கள், தெறிக்கும். வடிவு, மரம் வெடித்துவிடப் போகிறது, மெதுவாக...

"நகருங்க."

நகர்ந்துவிட்டேன்.

கடைசல் வேலைப்பாட்டில் ஊற்றுகிறாள். பலகைச் சந்தில் ஊற்றுகிறாள். கைப்பிடி மூலையில்...

ஆமாம். சிவப்பாக ஏதோ இறங்குகிறது. பார்க்கிறேன், எனக்கும் கண் இருக்கிறது. சாயம் தம்பி. பழைய தேக்கில் வெந்நீர் பட்டால் சிவப்புச் சாயம் இறங்கும்.

"சாயத்துக்குக் காலு மொளச்சிருக்கா? அங்க பாருங்க, கம்பி வழியா ஏறி ஓடுது உங்க சாயம்!"

அது வந்து... சில சாயங்கள்...

"ஒரு குடம் பத்தாது. இன்னும் நாலு குடமாவது ஊத்தணும். ஊத்திக் காயவச்சு, பொறவு பாப்போம், தம்பிகிட்டக் குடுக்கிறதா வேண்டாமான்னு. இவ்வளவு தூரம் வந்துட்டீக, சாப்பிட்டுப் போங்க தம்பி. மதினி! அடுத்த பானைய அடுப்புல ஏத்துங்க!"

தம்பி, தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் வந்தது வீணாகிவிட்டதோ என்னவோ. அந்தக் கடப்பாரையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். இந்தச் சிமெண்டை உடைத்துவிட்டால் குடத்தை இந்த வழியாகவே வாங்கிவிடலாம், கொதிக்கிற தண்ணீரோடு அவள் தெருவெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. வடிவு, நீ உட்கார், அடுத்த குடத்தை நானே ஊற்றுகிறேன்.

ஊற்றுவதனால் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை.